யான் சொக்ரால்ஸ்கி: பளிங்கை இழுத்தெடுத்தவர், துரோகி எனப்பட்டவர்

வீட்டுக் கூரைக்குச் சோலார் பனல் போட விசாரிக்கும் எவரும் முதலில் கேள்விப்படும் சொல் மொனோ. சில வருடங்களுக்கு முன்னர் மொனோவா, பொலியா என்று இரண்டு தெரிவுகள் இருந்தன. பொலி நீல நிறமாக இருக்கும். உடைந்த கண்ணாடித் துண்டுகளை நெருக்கி ஒட்டியதுபோல வெயிலில் மினுங்கும். மொனோ கறுப்பு, விலையும் கூட. இப்போது சந்தையில் பொலியைக் காண்பது அரிதாகிவிட்டது. உலகில் புதிதாகத் தயாராகும் சிலிக்கன் கலங்களில் மிகப் பெரும்பாலானவை மொனோதான்.

மொனோ என்றால் ஒற்றைப் பளிங்கு. கலத்திலுள்ள சிலிக்கன் அணுக்கள் அத்தனையும் இடையில் ஒரு விரிசலோ எல்லைக்கோடோ இல்லாமல், ஒரே பளிங்கின் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். அப்படியொரு பளிங்கை உருகிய திரவத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே இழுத்து எடுக்கிறார்கள். அந்த முறைக்கு உலகெங்கும் ஒரு மனிதரின் பெயர்தான் வழங்குகிறது: சொக்ரால்ஸ்கி முறை. சூரிய கலம் மட்டுமல்ல, இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் கைத்தொலைபேசியின் சில்லும் அதே முறையில் இழுக்கப்பட்ட பளிங்கிலிருந்து வெட்டியதுதான்.

யான் சொக்ரால்ஸ்கி இழுத்தது சிலிக்கனை அல்ல. சூரிய கலம் அவரது ஆய்விலேயே இருக்கவில்லை. சூரிய கலத்தின் வினைத்திறன் 6 வீதத்திலிருந்து 26 வீதத்துக்கு ஏறிய கதையைச் சொல்பவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கி, அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், சீனத் தொழிற்சாலைகளில் முடிப்பார்கள். அந்த ஓட்டத்தில் இவர் ஒரு முறையின் பெயராக வந்து போவார். பல வருடங்கள் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். பி–என் சந்தியும் திரான்சிஸ்டரும் பாடத்தில் இருந்தன. அவற்றுக்கு வேண்டிய பளிங்கு எங்கிருந்து வருகிறது என்பது இருக்கவில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதருக்கு நடந்ததை எழுத வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் எண்ணம்.

அவர் பிறந்தது 1885 ஒக்டோபர் 23ஆம் திகதி, க்சினியா என்ற சிறு பட்டினத்தில். அது இன்றைய போலந்தில் இருக்கிறது. அன்று உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடு இருக்கவில்லை. பிரஷ்யா, ரஷ்யா, ஒஸ்திரியா என்ற மூன்று வல்லரசுகள் அதைப் பங்கிட்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகியிருந்தது. க்சினியா பிரஷ்யாவின் பங்கு. வீட்டில் போலிஷ் மொழி, பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் ஜேர்மன் மொழி. தகப்பன் தச்சுவேலை செய்தவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம்.

மகனை ஆசிரியராக்குவது வீட்டாரின் விருப்பம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தனக்குக் கிடைத்த புள்ளிகள் நியாயமற்றவை என்று கோபப்பட்டு இளைஞர் யான் சான்றிதழைக் கிழித்தெறிந்தார் என ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கையில் சான்றிதழ் இல்லாமல்தான் அவர் வெளியே வந்தார். சான்றிதழ் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காது. ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரசாயனவியலை அங்கேயே கற்கத் தொடங்கினார். 1904இல், 19 வயதில், பேர்லினுக்குப் போனார்.

பேர்லினில் முதலில் மீண்டும் ஒரு மருந்துக்கடை. பின்னர் ஏ.ஈ.ஜி. என்ற பெரிய மின் கம்பனியின் ஆய்வுகூடம். பகலில் வேலை, கிடைத்த நேரத்தில் சார்லொட்டன்பேர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரை. செம்பின் இடத்தில் அலுமினியத்தை மின் கம்பிகளுக்குப் பயன்படுத்த முடியுமா என்பது அப்போது அந்தக் கம்பனியின் பெரிய கேள்வி. உலோகத்தை இழுத்தால், வளைத்தால், சூடாக்கினால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவர் வேலையாயிற்று. அங்கே இருந்த காலத்தில்தான் மார்கரித்த ஹாசே என்ற பியானோக் கலைஞரை மணந்தார். அவர் ஒல்லாந்து வம்சாவளியைச் சேர்ந்தவர்.

1916. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஆண்டு அவரது மேசையில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்பட்டு வருகிறது. உருக்கிய வெள்ளீயம் இருந்த கலத்தை ஆறட்டும் என்று ஒருபுறம் வைத்துவிட்டு அவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எழுத்தில் மூழ்கியிருந்தவர் பேனையை மைக்கூட்டில் தோய்ப்பதற்குப் பதிலாக வெள்ளீயத்தில் தோய்த்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் பேனை முள்ளின் நுனியில் மெல்லிய உலோக நூலொன்று தொங்கியது. வேறொருவராக இருந்தால் பேனை பழுதாகிவிட்டது என்று துடைத்திருப்பார். இவர் அந்த நூலை அமிலத்தில் அரித்துச் சோதித்தார். அது பல மணிகள் சேர்ந்த சாதாரண உலோகமல்ல, முழு நூலும் ஒரே பளிங்கு என்று கண்டார்.

ஏன் ஒரே பளிங்கு? பேனை முள்ளின் நடுவில் ஒரு குறுகிய வெட்டு இருக்குமல்லவா, அதற்குள் ஏறிய துளி வெள்ளீயம்தான் முதலில் உறைந்தது. அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் ஒரு பளிங்குக்குத்தான் இடம் உண்டு. அதற்குக் கீழே ஒட்டி உறைந்த அணுக்கள் எல்லாம் மேலே இருந்ததைப் பார்த்து அதே ஒழுங்கில் வரிசையாக நின்றன.

பேனையை விட்டுவிட்டு மெல்லிய கண்ணாடிக் குழாயொன்றை வைத்து, மணிக்கூட்டுப் பொறியால் சீராக இழுக்கும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். உண்மையில் அவருக்குப் பளிங்கு வளர்ப்பதில் அக்கறை இருக்கவில்லை. ஓர் உலோகம் என்ன வேகத்தில் பளிங்காகிறது என்று அளப்பதே நோக்கம். மெதுவாக இழுத்தால் நூல் தொடர்ந்து வரும். பளிங்காகும் வேகத்தை விட வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். எந்த வேகத்தில் அறுகிறது என்று பார்த்தால் அளவீடு கிடைத்துவிடும். வெள்ளீயம், ஈயம், நாகம் மூன்றுக்கும் அளந்தார். 1916இல் அனுப்பிய கட்டுரை 1918இல் ஜேர்மன் பௌதிக இரசாயனவியல் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. சில பக்கங்கள்தான். உலோகவியலாளர் சிலர் தங்கள் ஆய்வுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள்.

அவருக்குப் புகழும் பணமும் தேடித்தந்தது வேறொன்று. 1917இல் பிராங்பேர்ட்டில் ஒரு பெரிய உலோகக் கம்பனியின் ஆய்வுகூடத்தைப் பொறுப்பேற்றார். போரால் ஜேர்மனிக்கு வெள்ளீயம் வருவது நின்றிருந்தது. ரயில் பெட்டிகளின் அச்சு சுழலும் தாங்கிகளுக்கோ வெள்ளீயக் கலப்புலோகம் வேண்டும். ஈயத்துடன் சோடியம், கல்சியம், லித்தியம் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்து வெள்ளீயமே இல்லாத தாங்கி உலோகம் ஒன்றை அவர் தந்தார். பான்மெட்டல், அதாவது ரயில் உலோகம் என்று அழைக்கப்பட்ட அதற்கு 1924இல் காப்புரிமை பெற்றார். ஜேர்மனி, போலந்து உட்படப் பல நாடுகளின் ரயில்கள் அதில் ஓடின. ஜேர்மன் உலோகவியல் சங்கத்தைத் தொடக்கியவர்களில் அவரும் ஒருவர். 1925இல் அதன் தலைவருமானார். தச்சரின் மகன், சான்றிதழ் இல்லாதவர், போலந்துக்காரர். நாற்பது வயதில் ஜேர்மன் தொழிற்துறையின் உச்சத்தில் நின்றார்.

1918இல் போலந்து மீண்டும் நாடாகியிருந்தது. அதன் ஜனாதிபதி இக்னாசி மொஷ்சிட்ஸ்கி தானே ஓர் இரசாயனவியலாளர். வெளிநாட்டிலுள்ள போலந்து அறிஞர்களை அவர் திருப்பி அழைத்தார். சொக்ரால்ஸ்கி 1928இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வார்சோவுக்குப் போனார். வார்சோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. உலோகவியல் பேராசிரியர் பதவியும் கொடுத்தது. வீட்டில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் கூடுவார்கள். இசைமேதை ஷோப்பான் பிறந்த வீட்டைப் புனரமைக்கவும், பிஸ்குபின் என்ற இடத்தில் பழைய குடியிருப்பைத் தோண்டியெடுக்கவும் தன் பணத்தைக் கொடுத்தார்.

இப்படி வெளியிலிருந்து பணத்தோடும் ஜனாதிபதியின் நட்போடும் வந்து, முறையாகப் படிக்காமலே பேராசிரியராகும் ஒருவரை உள்ளே இருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது பல்கலைக்கழகங்களைச் சற்றுத் தெரிந்த எவருக்கும் புரியும். அந்த ரயில் உலோகத்தைப் போலந்துக்கு விற்றது நாட்டுக்குச் செய்த கேடு என்று சக பேராசிரியர் ஒருவர் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். விவகாரம் நீதிமன்றம்வரை போனது. சொக்ரால்ஸ்கி வென்றார். ஆனால் ஜேர்மன்காரருக்கு உதவியவர் என்ற முணுமுணுப்பு 1930களிலேயே தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்ததற்கு விதை அங்கேதான் கிடக்கிறது.

1939 செப்டெம்பரில் ஹிட்லரின் படைகள் போலந்தை விழுங்கின. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. கிராகோவ் நகரில் பேராசிரியர்களைக் கூட்டமொன்றுக்கு அழைத்து அப்படியே கைதுசெய்து முகாமுக்கு அனுப்பினார்கள். வார்சோவில் வேலையிழந்த சக ஊழியர்களின் வேண்டுகோளின்படி சொக்ரால்ஸ்கி ஜேர்மன் அதிகாரிகளிடம் பேசினார். மூடிய பல்கலைக்கழகத்துக்குள்ளே பொருட்களைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றை நடத்த அனுமதி பெற்றார். அவர் பேசிய ஜேர்மன் மொழியும் பழைய பேர்லின், பிராங்பேர்ட் அறிமுகங்களும் அதற்கு உதவின.

அந்த ஆய்வுகூடத்தில் ஜேர்மன் இராணுவத்துக்கான வேலைகள் நடந்தன. இதை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், அங்கே வேலை என்று எழுதிக் கொடுத்த அட்டை தெருச் சுற்றிவளைப்பில் அகப்படும் ஒருவரைக் கட்டாய உழைப்பிலிருந்து காப்பாற்றும் அட்டையாக இருந்தது. பல பேராசிரியர்களும் ஊழியர்களும் அந்த அட்டையால் பிழைத்தார்கள். மேலே ஜேர்மன் உத்தரவு, கீழே அதே இயந்திரங்களில் போலந்தின் தலைமறைவு இராணுவமான உள்நாட்டுப் படைக்கு ஆயுத உதிரிப்பாகங்கள். தனக்குத் தெரிந்த ஜேர்மன் அதிகாரிகளிடம் போய்ப் பிடிபட்டவர்களை விடுவித்தும் கொடுத்தார். அப்படி ஒருவர் ஜேர்மன் அலுவலகப் படியேறுவதைத் தெருவில் நின்று பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? தலைமறைவு வேலையின் இயல்பே அதுதான். அதைச் செய்பவர் சாட்சி வைத்துக்கொள்ள முடியாது.

1945இல் போர் முடிந்தபோது வார்சோ இடிபாடாகக் கிடந்தது. சோவியத் ஆதரவில் புதிய அரசு வந்தது. அந்த அரசுக்கு உள்நாட்டுப் படையே ஆகாது. ஆக, ஜேர்மனியரோடு சேர்ந்தவர் என்ற பெயரைக் கழுவுவதற்கு உள்நாட்டுப் படையோடு வேலை செய்தேன் என்று சொல்வது ஒரு குற்றத்தை இன்னொரு குற்றத்தால் மறைப்பது போலாகும். ஏப்ரலில் சொக்ரால்ஸ்கி கைதுசெய்யப்பட்டார். ஆகஸ்டில், குற்றம் எதுவும் இல்லை என விசாரணையை மூடி அவரை விடுவித்தார்கள். அரசின் சட்டத்துக்கு முன்னால் அவர் குற்றமற்றவர்.

அவருடைய பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை. 1945 டிசம்பரில் அதன் செனற் கூடி அவரைத் திரும்ப எடுப்பதில்லை என்று தீர்மானித்தது. துரோகி என்ற சொல் ஒருவர்மீது விழுந்தால், பிறகு எந்தத் தீர்ப்பும் அதைத் துடைப்பதில்லை. அந்தச் சொல்லின் கனத்தை நம்முடைய வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் க்சினியாவுக்குத் திரும்பினார். மனைவியின் பெயரால் கட்டிய வீடு அங்கே இருந்தது. வாழ வேண்டுமே. பியோன் என்ற பெயரில் ஒரு சிறு இரசாயனக் கம்பனியைத் தொடங்கினார். சப்பாத்துக்குப் பூசும் மை, இறைச்சி பதப்படுத்தும் உப்பு, தடிமனுக்கு ஒரு தூள் என்று வீட்டுப் பாவனைச் சாமான்கள் செய்து விற்றார். அறுபதைத் தாண்டிய வயதில் மருந்துக்கடைப் பையனாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

அவர் சப்பாத்து மை காய்ச்சிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் அட்லாண்டிக்குக்கு அப்பால் அந்தப் பழைய முறை மீண்டும் உயிர்பெற்றது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் முதல் திரான்சிஸ்டர் வேலை செய்தது. அதில் இருந்தது பல மணிகள் சேர்ந்த ஜேர்மானியத் துண்டு. ஒரு துண்டு போல இன்னொரு துண்டு வேலை செய்யாது. கோர்டன் டீல் என்ற இரசாயனவியலாளர் ஒற்றைப் பளிங்கு இல்லாமல் இது தொழிலாகாது என்று வற்புறுத்தினார். திரான்சிஸ்டர் குழுவின் தலைவர் வில்லியம் ஷொக்லி அது தேவையில்லை என்றார். டீல் ஜோன் லிட்டில் என்ற இயந்திரப் பொறியியலாளருடன் சேர்ந்து 1948இல் இழுக்கும் கருவியை அமைத்து, பெரும்பாலும் இரவு வேளைகளில் வேலை செய்து ஜேர்மானியத்தை இழுத்தார். அடுத்து ஏர்னி பியூலருடன் சிலிக்கனை இழுத்தார். பளிங்கின் தரத்தைப் பார்த்த பின்னர் ஷொக்லியும் ஒத்துக்கொண்டார்.

ஒற்றைப் பளிங்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நமது ஊர்ப் பனைப் பாணியை வைத்து விளங்கப்படுத்தலாம். பாணியைக் காய்ச்சிக் குட்டானில் ஊற்றினால் விரைவாக இறுகிப் பனங்கட்டி ஆகும். உடைத்துப் பார்த்தால் பொடிப்பொடியான மணிகள். அதே பாணியை நூல் கட்டிய பாத்திரத்தில் ஆட்டாமல் அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டால் நூலைச் சுற்றிப் பனங்கற்கண்டு கட்டியாக விளையும். பொருள் ஒன்று, அவகாசம் வேறு. பொலி என்பது பனங்கட்டியைப் போல வார்த்தெடுத்த சிலிக்கன். மொனோ கற்கண்டைப் போன்றது. கற்கண்டு நூலில் பல பளிங்குகள் ஒட்டியிருக்கும், சிலிக்கனில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம்.

சூரிய ஒளி சிலிக்கனில் விழும்போது ஓர் இலத்திரனை விடுவிக்கிறது. அது கலத்தின் மறுபக்கம்வரை போய்ச் சேர்ந்தால்தான் மின்னோட்டம். இன்றைய கலத்தின் தடிப்பு இரண்டு தலைமயிர்த் தடிப்பு அளவுதான், ஆனால் இலத்திரனுக்கு அது நெடும் பயணம். வழியில் பளிங்குக்கும் பளிங்குக்கும் நடுவே எல்லை ஒன்று வந்தால், அங்குள்ள ஒழுங்கற்ற அணுக்களில் அது சிக்கி, பிடித்த சக்தியை வெப்பமாக விட்டுவிடும். எல்லைகள் குறையக் குறைய வினைத்திறன் ஏறும். எல்லையே இல்லாவிட்டால் மற்றக் குறைகளைக் கவனிக்கலாம்.

1953 ஏப்ரலில் இரகசியப் பொலிஸார் க்சினியா வீட்டுக்கு வந்து சோதனையிட்டார்கள். அதைத் தொடர்ந்து சொக்ரால்ஸ்கிக்கு மாரடைப்பு வந்தது. ஏப்ரல் 22ஆம் திகதி பொஸ்னான் நகரின் வைத்தியசாலையில் இறந்தார். வயது 67. க்சினியாவில் அடக்கம் செய்தார்கள்.

சரியாக ஒரு வருடமும் மூன்று நாட்களும் கழித்து, 1954 ஏப்ரல் 25ஆம் திகதி, பெல் ஆய்வுகூடம் சிலிக்கன் சூரிய கலத்தை உலகுக்குக் காட்டியது. சேப்பின், புல்லர், பியர்சன் மூவரின் வேலை. வினைத்திறன் 6 வீதம். ஒற்றைப் பளிங்குச் சிலிக்கனில் செய்தது.

அதன் பிறகு நடந்தவை பெரும்பாலும் அந்த இழுக்கும் முறையைச் செப்பனிட்டவைதான். இன்றைய தொழிற்சாலையில் சிலிக்கனை 1414 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் குவார்ட்ஸ் கலத்தில் உருக்குகிறார்கள். மேலிருந்து பென்சில் போன்ற ஒரு விதைப் பளிங்கு திரவத்தைத் தொடுகிறது. அதைச் சுழற்றியபடி, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மேலே இழுக்கிறார்கள். அந்த வேகத்தில் ஒரு மீற்றர் வர 17 மணித்தியாலம் ஆகும். தொடக்கத்தில் சிறிது தூரம் வேண்டுமென்றே மெலிதாக ஒரு கழுத்தை இழுப்பார்கள். விதையில் உள்ள பிறழ்வுகள் கழுத்தின் ஓரங்களில் வெளியேறிவிடும். 1950களின் இறுதியில் வில்லியம் டாஷ் என்பவர் கண்ட வழி இது. பேனை முள்ளின் வெட்டு செய்த வேலையை இங்கே கழுத்து செய்கிறது. சில மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தக் கழுத்திலேயே நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பளிங்குத் தூண் தொங்கும். தூண் வட்டமாக இருப்பதால்தான் பழைய மொனோ கலங்களின் நான்கு மூலைகளும் வெட்டியதுபோல இருந்தன. பனலில் கலங்களுக்கு நடுவே சிறு வெள்ளை வைர வடிவங்களைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த முறை விட்ட கையெழுத்து.

முறைக்கு ஒரு குறையும் உண்டு. குவார்ட்ஸ் கலத்தின் சுவர் கரைந்து ஒட்சிசன் சிலிக்கனுக்குள் வந்துவிடுகிறது. ஏறக்குறைய 50,000 சிலிக்கன் அணுக்களுக்கு ஓர் ஒட்சிசன் அணு. மின்தன்மைக்காகச் சேர்க்கும் போரன் அணு அருகில் இருந்தால், வெயில் பட்டவுடன் இரண்டும் கூடி இலத்திரன்களைப் பிடிக்கும் பொறியாகிவிடும். புதிய பனலின் சக்தி முதல் சில நாட்களிலேயே சற்றுக் குறைந்ததற்கு இதுதான் காரணம். 1970களில் கவனிக்கப்பட்ட இந்தக் கோளாறு நெடுங்காலம் தீராமல் இருந்தது. போரனுக்குப் பதில் கலியத்தைச் சேர்த்தால் பொறி உருவாவதில்லை. பொசுபரசு சேர்த்த சிலிக்கனிலும் அப்படியே. இன்று தொழிற்துறை இந்த இரண்டு வழிகளுக்கும் மாறிவிட்டது.

விலைதான் பொலியைப் பல ஆண்டுகள் காப்பாற்றியது. வைரத்தூள் பதித்த கம்பியால் மெல்லிய சில்லுகளாக அறுக்கவும், ஒரே கலத்தில் மீண்டும் மீண்டும் சிலிக்கன் இட்டு இழுக்கவும் கற்றுக்கொண்டபோது மொனோவின் விலை இறங்கியது. கலத்தின் பின்பக்கத்தையும் மூடிப் பாதுகாக்கும் புதிய வடிவமைப்புகள் நல்ல பளிங்கில்தான் முழுப் பயன் தந்தன. 2010களின் இறுதியில் பொலி தோற்றது. 2022 நவம்பரில் சீனாவின் லோங்கி நிறுவனம் இழுத்த பளிங்கில் செய்த கலத்துக்கு 26.81 வீதம் என்று அளந்தார்கள். பின்னர் 27ஐயும் தாண்டினார்கள். சிலிக்கன் மட்டும் கொண்ட கலத்துக்குக் கோட்பாடு விதிக்கும் உச்சம் 29.4 வீதம்தான்.

போலந்தில் பல தசாப்தங்கள் அவரைப் பற்றிப் பேச்சில்லை. பாவெல் தோமாஷெவ்ஸ்கி என்ற பளிங்கியல் ஆய்வாளர் பிடிவாதமாகத் துண்டு துண்டாகத் தகவல் சேர்த்து அவரது வாழ்க்கையை எழுதினார். 2011இல் பழைய கோப்புகளுக்குள்ளிருந்து, உள்நாட்டுப் படையின் புலனாய்வுடன் சொக்ரால்ஸ்கி வேலை செய்ததைக் காட்டும் ஆவணம் வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 29ஆம் திகதி வார்சோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் செனற் அவருடைய பெயரை மீட்டுக் கொடுத்தது. 2013ஐ சொக்ரால்ஸ்கி ஆண்டு என்று நாடாளுமன்றம் அறிவித்தது. 1945 டிசம்பரிலிருந்து எண்ணினால் செனற்றுக்கு 65 ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறது. ஆவணம் கிடந்த காப்பகமும் அவரை வெளியே விட்ட பல்கலைக்கழகமும் ஒரே நகரில்தான் இருக்கின்றன.